வீட்டு மாப்பிள்ளையின் சுகவீனம்

மாமி அதை வாய் திறந்து சொன்னாரா, அல்லது ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் பேசாமல் இருந்தாரா என்பது எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. பெருமூச்சு மட்டும்தான் என்கிறாள் என் மனைவி அகீலா. அவள் அந்த நேரம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். ஆகவே அவள் சாட்சி செல்லாது. நான் கதவுக்கு இந்தப் பக்கம், காதில் ஹெட்செட்டோடு இருந்தேன். என் சாட்சியும் அவ்வளவு நல்லதல்ல. எதையும் நடந்தபடி ஞாபகம் வைத்திருக்கும் ஆள் நான் இல்லை. நடந்து முடிந்த பிறகு ஒரு மூலையில் உட்கார்ந்து அதையே நெடுநேரம் யோசிப்பேன். கடைசியில் யோசித்ததும் நடந்ததும் ஒன்றாகிவிடும். ஆனால் அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்த தோடம்பழங்கள் நிஜமானவை. அவற்றை நான் தின்றிருக்கிறேன்.

என் பெயர் அர்கம். பிறந்தது நாவலப்பிட்டி. கலியாணம் முடித்தது கண்டியில், கட்டுகஸ்தோட்டைக்கு மேலே ஏறும் ஒரு சரிவு வீதியில். எங்கள் ஆட்களில் பலருடைய வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். அப்போது எனக்கு வேலை கொழும்பில். கிழமை நாட்களில் வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறை; வெள்ளிக்கிழமை பின்னேரம் கண்டி பஸ். வெள்ளி இரவிலிருந்து ஞாயிறு பின்னேரம் வரை நான் அந்த வீட்டின் ராஜா. கோழி, ஆட்டிறைச்சி, வட்டிலப்பம். நான் படிக்கும் புத்தகத்துக்கு மேல் நிழல் விழக்கூடாதென்று மாமா ஹலீம் தன் கதிரையைத் தள்ளிப் போட்டுக்கொள்வார். கிழமைக்கு ஒருமுறை வந்துபோகும் மாப்பிள்ளையைவிட மதிப்பான பிராணி இந்த உலகத்தில் கிடையாது. அந்த மதிப்பு எதனால் வந்தது என்று நான் அப்போது யோசிக்கவில்லை. வந்ததால் அல்ல, போனதால்.

பிறகு எங்கள் கம்பனி கொழும்பில் வாடகைக்கு வைத்திருந்த அலுவலக மாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. "நீங்கள் எல்லாரும் எங்கள் குடும்பம்" என்று முதலாளி திரையில் தோன்றிச் சொன்னார். குடும்பத்தின்மேல் இருந்த பாசத்தினால் எங்கள் ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அன்றிலிருந்து அவருடைய மின்சாரக் கட்டணத்தை என் மாமா கட்டினார். அவருடைய ஊழியர்களுக்குத் தேத்தண்ணி என் மாமி ஊற்றினார். முதலாளி செலவைக் குறைத்த திறமைக்காக ஒரு விருதும் வாங்கினார் என்று கேள்வி.

வேலை என்னவென்றால், ஒரு வெளிநாட்டுக் காப்புறுதிக் கம்பனிக்காகக் கோப்புகளைச் சரிபார்ப்பது. தங்களுக்கு நோய் என்று சொல்கிறவர்களுக்கு உண்மையிலேயே நோய்தானா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். முதுகு வலி என்று எழுதியவர் மலையேறப் போயிருந்தால் நான் கண்டுபிடித்துவிடுவேன். அதில் எனக்கு நல்ல பெயர் இருந்தது.

முதல் கிழமை வீட்டில் கோழி தொடர்ந்தது. இரண்டாவது கிழமை முட்டை. அதற்குப் பிறகு பருப்பும் சம்பலும் நிரந்தரமாகின. இதில் மாமியைக் குற்றம் சொல்ல எதுவுமில்லை. விருந்தாளிக்குத்தான் விருந்து, கதிரைக்கும் அலுமாரிக்கும் யாரும் கோழி சமைப்பதில்லை.

உண்மையான கஷ்டம் என்னுடையதல்ல, மாமியுடையது. காலையில் மாமா கடைக்குப் போவார். கட்டுகஸ்தோட்டை டவுனில் பெயின்டும் ஆணியும் குழாயும் விற்கிற கடை. அகீலா பள்ளிக்கூடம் போவாள். அந்த நேரத்திலிருந்து பின்னேரம் வரை அந்த வீடு பெண்களின் வீடு. அக்கம்பக்கத்துப் பெண்கள் குசினிப் பக்கத்தால் வருவார்கள், முந்தானையைத் தளர்த்திக்கொண்டு உட்காருவார்கள், வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். மாமி மத்தியானம் முன் ஹோலில் காலை நீட்டிப் படுத்து நாடகம் பார்ப்பார். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. ஏனென்றால் நான் வீட்டில் இருந்த நாட்களில் இதெல்லாம் நடக்கவில்லை.

இப்போது முன் ஹோலை ஒட்டிய அறையில் நாள் முழுக்க ஓர் ஆண் உட்கார்ந்திருக்கிறான். மாமி முக்காடு போட்டபடியே வெங்காயம் உரித்தார். தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல் பார்த்தார். ஹோல் வழியாகப் போகக் கூச்சப்பட்டு, வீட்டைச் சுற்றிப் படியிறங்கி, மழையில் நனைந்து, பின்கதவால் உள்ளே வந்தார். எங்கள் இருவருக்கும் நேரடிப் பேச்சு கிடையாது. மூன்று பேரும் ஒரே மேசையில் இருந்தாலும் "அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு வேணுமா கேளு" என்று அகீலாவிடம்தான் சொல்வார். அகீலா இல்லாத நேரம் கதவுக்கு வெளியே தேத்தண்ணிக் கோப்பையை வைத்து, அதற்கடியிலிருக்கும் பீரிசில் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டுவார். நான் எடுப்பேன். குடித்த பிறகு வெளியே வைத்து நானும் ஒரு தட்டுத் தட்டுவேன். எனக்குப் பேசாமல் இருப்பது பிடிக்கும். என் வாழ்க்கையில் மிகவும் திருப்தியான உரையாடல்கள் அவை.

அந்த அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. கடையில் சுவர் முழுக்கத் தாழ்ப்பாள் தொங்கவிட்டிருக்கும் மாமா, "நாளைக்கு ஒண்டு கொணாறன்" என்று நான் கலியாணம் முடித்த காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டு ரிஸ்மியாதான் முதலில் கேட்டாள். இதைக் கதவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து கேட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

"பாயிஸா மாமி, ஒங்கட மாப்புள இண்டைக்கும் ஊட்டுலயா?"

"ஓ புள்ள, ஈக்குறாரு."

"நேத்தும் ஈந்தாரே."

"ஓ."

"லீவா?"

இந்த இடத்தில்தான் பெருமூச்சு. அல்லது "கொஞ்சம் சொகமில்ல" என்ற சொல். அல்லது இரண்டும்.

எங்கள் வீதியில் கிழமை நாளில் ஓர் ஆண் வீட்டில் இருந்தால் அதற்கு மூன்று காரணங்கள்தான் இருக்க முடியும். ஓய்வு பெற்றிருக்க வேண்டும், வேலை போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நோயாளியாக இருக்க வேண்டும். ஓய்வு பெற எனக்கு வயது போதாது. வேலை போய்விட்டது என்றால் அது மாப்பிள்ளையைத் தெரிந்தெடுத்தவர்களுக்கு வெட்கம். நோய் அல்லாஹ் தருவது. அதில் யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. வீட்டிலிருந்தே வேலை செய்வது என்ற நாலாவது காரணத்தை மாமி நம்பியிருந்தாலும், ரிஸ்மியாவுக்கு விளங்கப்படுத்தும் அளவுக்கு நம்பவில்லை.

எங்கள் ஆட்களிடம் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. நோயாளியைப் போய்ப் பார்ப்பது கடமை. அதுவும் வெறுங்கையோடு போவதில்லை.

முதலில் தோடம்பழம் வந்தது. பிறகு அப்பிள், திராட்சை, பிஸ்கட் பெட்டி, மால்ட் மா. எதற்கென்று தெரியாமல் சாப்பிட்டேன். மாப்பிள்ளை மரியாதை திரும்பி வந்துவிட்டது என்றுகூட நினைத்துச் சந்தோஷப்பட்டேன். வாசல் திரைச்சேலைக்கு அந்தப் பக்கம் பெண்களின் குரல் தணிந்து கேட்கும். "மூஞ்சி வெளிறிப் போய்த்து." "வாயே தொறக்குறாரில்லயே." நான் பிறந்ததிலிருந்து வெளிறிய முகத்தோடு வாய் திறக்காமல் இருப்பவன். அத்தனை வருடங்களும் அது குணம் என்று எண்ணப்பட்டது. இப்போது நோய்க்குறியாகிவிட்டது.

ஒருநாள் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையிலுள்ள ஷப்ராஸ் ஹாஜியார் மத்தியான லுஹர் தொழுகை முடிந்து என்னைப் பார்க்க வந்தார். நல்ல மனிதர். முழங்கால் வலியோடு அந்தச் சரிவு ஏறி வந்திருந்தார். அந்த நேரம் இணையம் அறுந்து அறுந்து வந்தது. நான் திரையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன்.

"நான் பேசுறது கேக்குதா? அங்க ஒருத்தரும் இல்லையா? எனக்கு ஒங்கட மொகம் தெரியுது, ஆனா சத்தம் வருதில்ல!"

ஹாஜியார் வாசலில் நின்று பார்த்தார். அவர் நின்ற இடத்திலிருந்து திரை தெரியாது. என் முதுகும் எதிரே இருந்த சுவரும்தான் தெரியும். பழப் பையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, வந்த வழியே இறங்கிப் போனார்.

அன்று பின்னேரமே செய்தி பஸ் ஏறி நாவலப்பிட்டிக்குப் போய்விட்டது. என் உம்மா போனில் அழுதார். "மகன், ஒனக்குத் தலைல என்னமோன்டு சொல்றாங்களே? எனக்கு ஏன் சொல்லல்ல?"

அகீலா வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். தன் உம்மாவிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு முடிந்ததும் பெருமூச்சு விட்டாள். குடும்பத்துப் பெருமூச்சு.

"உண்மைய சொல்லிருவமா?" என்றேன்.

"சொல்லலாம். அப்ப அவங்க கொணாந்த பழமெல்லாம்? உம்மா பொய் சொல்லி வாங்கித் தின்டன்டு ஆவும். பொறகு உம்மாக்கு இந்த வீதில எறங்க ஏலுமா?"

"அப்ப?"

"கொஞ்சம் கொஞ்சமா சொகமாவுங்க."

இந்தத் திட்டம் எனக்குப் பிடித்தது. நான் எதுவும் பேசத் தேவையில்லாத எந்தத் திட்டமும் எனக்குப் பிடிக்கும். ஆனால் சுகமாக எனக்கு அவகாசம் கிடைக்கவில்லை. கலாராணி மிஸ் ஓர் அறிவித்தல் அனுப்பினார்.

கலாராணி மிஸ் எங்கள் குழுவின் தலைவி. யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்பில் தன் வீட்டிலிருந்தே எங்களை மேய்த்தார். முதலாளி மறுபடி சின்னதாக ஓர் அலுவலகம் எடுத்திருக்கிறாராம். பாதிப் பேர் கொழும்புக்குத் திரும்ப வேண்டும். வீட்டிலேயே இருக்க விரும்புகிறவர்களின் அறையை வெளிநாட்டுக் கம்பனியின் ஆள் ஒருவர் திரையில் பார்த்துப் பரிசோதிப்பார். கதவு சாத்தியிருக்க வேண்டும். அறைக்குள் வேறு ஆள் இருக்கக்கூடாது. நோயாளிகளின் இரகசியங்கள் அல்லவா? தேறாதவர்கள் அடுத்த மாதமே கொழும்பு.

அகீலா அப்போது கர்ப்பமாக இருந்தாள். இதற்கு முன்பும் ஒருமுறை இருந்தாள். அந்தப் பிள்ளை தங்கவில்லை. அது ஒரு புதன்கிழமை. நான் வெள்ளவத்தையிலிருந்து பஸ் எடுத்து, கடுகண்ணாவை மலை ஏற்றத்தில் லொறி ஒன்று குறுக்கே நின்றதில் மாட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். இதற்கு மேல் அதைப் பற்றி எங்கள் இருவருக்கும் இடையில் பேச்சு இருந்ததில்லை. பேசாமல் இருப்பதில் எனக்குப் பிடிக்காத ஒரே இடம் அது. இந்தமுறை நான் கண்டியிலேயே இருக்க வேண்டும்.

பரிசோதனை ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அகீலா தன் உம்மாவுக்கு நன்றாக விளங்கப்படுத்திவிட்டுப் போனாள்: மத்தியானம் வரை ஒரு குஞ்சும் வீட்டுக்குள் வரக்கூடாது. மாமி அதைத் தன் கடமையாக எடுத்துக்கொண்டார். வெள்ளென எழும்பி வீடு வீடாகச் சொல்லியனுப்பினார். "இண்டைக்கு ஒருத்தரும் வராதீங்க. அவர ஒருத்தரும் பாக்க ஏலா. முக்கியமான ஆக்கள் அவரப் பாக்கப் போறாங்க."

இதில் என்ன பிழை என்று மாமிக்கு விளங்கவில்லை. எனக்கும் அன்று விளங்கவில்லை. எங்கள் வீதியில் நோயாளியைப் பார்க்க வர வேண்டாம் என்று யாரும் சொன்னதே கிடையாது. அப்படிச் சொல்கிறார்கள் என்றால் ஆள் முடிகிற நிலைமை என்று அர்த்தம். பக்கத்து வீட்டுக்காரனை அப்படித் தனியாகப் போகவிடுகிற கல்நெஞ்சக்காரர்கள் எங்கள் வீதியில் இல்லை.

நான் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளுக்குப் பதிலாக ஒரு கதிரையை முட்டுக்கொடுத்து வைத்தேன். திரையில் கலாராணி மிஸ். பக்கத்துக் கட்டத்தில் கழுத்துப்பட்டி கட்டிய வெள்ளைக்காரர். லெப்டொப்பைத் தூக்கி நாலு சுவரையும் காட்டச் சொன்னார். காட்டினேன். கூரையைக் காட்டச் சொன்னார். காட்டினேன். அவருடைய நாட்டில் ஒட்டுக்கேட்பவர்கள் கூரையில் தொங்குவார்கள் போலிருக்கிறது. கட்டிலுக்கு அடியைக் காட்டிக்கொண்டிருந்தபோது முற்றத்தில் செருப்புகள் கழற்றும் சத்தம் கேட்டது. நிறையச் செருப்புகள்.

"அர்கம், என்ன சத்தம் அது?" என்றார் கலாராணி மிஸ்.

நான் பதில் சொல்லுமுன் கதவுக்கு வெளியே ஷப்ராஸ் ஹாஜியாரின் கணீரென்ற குரலில் துஆ ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு வீதியே ஆமீன் சொன்னது. முன் ஹோல் அந்த ஆமீனில் அதிர்ந்தது. வெள்ளைக்காரர் தன் ஹெட்செட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

பிறகு கதிரை சரிந்தது. கதவு திறந்தது. ஹாஜியார் உள்ளே வந்து என் நெற்றியில் கை வைத்தார். பின்னால் ஏழெட்டுப் பேர். அவர்களுக்குப் பின்னால் திரைச்சேலையைப் பிடித்தபடி பெண்கள்.

"சூடில்ல," என்றார் ஹாஜியார். அப்போதுதான் திரையைக் கண்டார். கழுத்துப்பட்டி கட்டிய வெள்ளைக்காரரையும் கண்ணாடி போட்ட பெண்ணையும் பார்த்தவுடன் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குனிந்து, கமராவுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய், மிகுந்த மரியாதையுடன் கேட்டார்:

"டொக்டர், நாங்க இவரட அக்கம்பக்கத்து ஆக்கள். மறைக்காம சொல்லுங்க. தலைலயா கோளாறு?"

"ஓம், எனக்கும் இப்ப அப்பிடித்தான் ஒரு சந்தேகம்," என்றார் கலாராணி மிஸ். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அர்கம், உண்மையைச் சொல்லும். உமக்குச் சுகமில்லையோ?"

சுகமில்லை என்றால், நோயை மறைத்து வேலை செய்த குற்றம். சுகம் என்றால், இரகசிய அறைக்குள் ஊரைக் கூட்டிய குற்றம். கூடவே மாமி பொய்க்காரி. எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் பிழைப்புக்காகப் பிடித்துக் கொடுக்கிற ஆட்களில் ஒருவனாகத்தான் நின்றேன். எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். பேசாமல் இருந்தேன். என் மௌனத்தை ஹாஜியார் பலவீனம் என்று எடுத்துக்கொண்டு தோளைத் தாங்கிப் பிடித்தார்.

"பாவம், நாக்கும் எழும்புதில்ல," என்றாள் திரைச்சேலைக்குப் பின்னால் ரிஸ்மியா.

அப்போது மாமி ஆண்களை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அந்த அறைக்குள் நான் இருக்கும்போது அவர் காலடி வைத்தது அதுதான் முதல்முறை. ஹாஜியாரைப் பார்க்கவில்லை. ரிஸ்மியாவைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துப் பேசினார்.

"அவருக்கு ஒரு நோயுமில்ல. அவர் காலைலேந்து பின்னேரம் வரக்கிம் இந்தக் கதிரைல ஈந்து வேல செய்ற. எழும்பவும் மாட்டார். நான்தான் சொகமில்லன்டு பொய் சொன்ன. பகல்ல ஆம்புள ஊட்டுல ஈக்குறதுக்கு எனக்கு வேற ஒண்டும் சொல்லத் தெரியல்ல." பிறகு என் பக்கம் திரும்பினார். "வாயத் தொறந்து சொல்லுங்களே மகன். என்னப் பாத்து யோசிக்காதீங்க."

அவர் என்னை மகன் என்று கூப்பிட்டார். நான் வாயைத் திறந்தேன். "எனக்குச் சுகம்தான் மிஸ்," என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

ஹாஜியார் என் தோளிலிருந்து கையை எடுத்தார். ரிஸ்மியாதான் முதலில் சொன்னாள்: "அப்ப அந்த அப்பிள்?"

அந்த நேரம் பார்த்து கலாராணி மிஸ்ஸின் பக்கத்திலிருந்து குக்கர் விசில் ஒன்று நீளமாக அடித்தது. "அம்மா, அடுப்பை நிப்பாட்டுங்கோ!" என்று திரும்பிக் கத்தினார். பிறகு எங்களைப் பார்த்தார். முகம் கொஞ்சம் மாறியிருந்தது. அவர் வெள்ளைக்காரரிடம் ஆங்கிலத்தில் சொன்னது: இது உள்ளூர்ச் சுகாதார விழிப்புணர்வு நிகழ்ச்சி ஒன்று, தவறான வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அத்தனை கோப்புகளைச் சரிபார்த்த எனக்கே அது நல்ல பொய்யாகத் தெரிந்தது. என்னிடம் சொன்னது: "அடுத்த கிழமை திரும்பப் பாப்பம். அப்பவும் இப்பிடியெண்டால் நீர் கொழும்புக்கு வாறதைத் தவிர வேற வழியில்லை."

அன்று பின்னேரம் மாமா கடையிலிருந்து ஒரு தாழ்ப்பாளோடு வந்தார். அகீலா அதை வாங்கி மேசையில் வைத்தாள். "இந்த ஊட்டுக்குத் தாழ்ப்பாள் மட்டும் காணாது வாப்பா," என்றாள். "ஒங்கட கடைக்கு மேல ஒரு அறை ஈக்குதானே?"

அந்த அறையில் பெயின்ட் டின்கள் அடுக்கியிருந்தன. ஒரு பக்கமாக நகர்த்தினோம். ஜன்னலைத் திறந்தால் கட்டுகஸ்தோட்டைப் பாலத்து வாகனங்களின் ஹோர்ன். மூடினால் டேர்பன்டைன் வாடை. மூடி வைத்தேன். கதவில் மாமாவின் கையிருப்பிலேயே பெரிய தாழ்ப்பாள். வெள்ளைக்காரர் மறுபடி சுவரையும் கூரையையும் பார்த்தார். பின்னால் அடுக்கியிருந்த டின்கள் எதற்கென்று கேட்டார். வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறோம் என்றேன். அவருடைய கேள்விகளில் வீடு என்றால் என்ன என்பது இல்லை. கதவு பூட்டுகிறதா என்பதுதான் இருந்தது. பூட்டியது. வீட்டிலிருந்து வேலை செய்யத் தகுதியானவன் என்று சான்றிதழ் வந்தது.

அதன்பிறகு ஒவ்வொரு நாள் காலையும் சப்பாத்துப் போட்டு, பையைத் தோளில் மாட்டி, வீதியில் எல்லாரும் பார்க்கச் சரிவில் இறங்கினேன். முதல் நாள் ரிஸ்மியா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மாஷா அல்லாஹ், மாப்புள வேலைக்குப் போறாரு!" என்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்குள்ளேயிருந்து தொலைக்காட்சியின் சத்தம் நன்றாகக் கேட்டது.

அகீலாவுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. அன்றும் ஒரு புதன்கிழமை. கடை மாடியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் போனேன், நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். கலாராணி மிஸ் கம்பனியை விட்டு விலகிக் கனடாவில் இருக்கிறார். முதலாளி பழைய மாடியையே கூடுதல் வாடகைக்கு மறுபடி எடுத்துவிட்டார். ஷப்ராஸ் ஹாஜியார் முழங்காலில் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். தோடம்பழத்தோடு போய்ப் பார்த்தோம். நான் சுகமானது ஹாஜியாரின் துஆவினால்தான் என்று ரிஸ்மியா இன்றும் சொல்கிறாள். மாமா கடையில் இருக்கிறார். நான் அவருக்கு மேலே இருக்கிறேன். மாமி பேத்தியை வளர்க்கிறார், முன் ஹோலில் காலை நீட்டிப் படுத்து நாடகம் பார்க்கிறார். சனி ஞாயிறுகளில் என் கதவுக்கு வெளியே கோப்பையை வைத்து, கரண்டியால் ஒரு தட்டுத் தட்டுகிறார். கோழி திரும்பி வந்துவிட்டது.